அந்தப் படத்தில் வலப்பக்கம் நிற்பவர்

கேள்வி: டிசம்பர் 16 அன்று நம் சென்னை போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைத்த செய்தியோடு, 1971 டாக்கா சரணடைவுப் படத்தையும் போட்டிருந்தார்கள். அதில் இருப்பவர்களில் ஒருவர் யூதர் என்கிறான் என் மகன். அப்படியா ஐயா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: மகன் சொன்னது சரிதான் அம்மா. வங்கதேசம் பிறந்த அந்தப் போரின் முடிவில், மேஜையில் கையெழுத்துப் போடுகிறவர் கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த படையின் தலைவர் நியாஸி, பக்கத்தில் தலைப்பாகையோடு நம் கிழக்குப் பிராந்தியப் படைத்தலைவர் அரோரா. பின்னால் நிற்கிறவர்களில் வலப்பக்கம் இருக்கிறாரே, அவர்தான் மேஜர் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப். கல்கத்தாவில் குடியேறிய பாக்தாத் யூதக் குடும்பத்துப் பிள்ளை. (அதே படத்தில் நிற்கும் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் நம் நாகர்கோவில்காரர். அதையும் மகனிடம் சொல்லுங்கள்.)

நான் பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஜேக்கபும் பீரங்கிப் படைக்காரர். அதனால் இந்த பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது அவர் கிழக்குப் பிராந்தியத் தலைமையகத்தில் அரோராவுக்கு அடுத்த நிலையில் இருந்தார். வழியில் இருக்கும் ஊர்களையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்காமல், அவற்றைச் சுற்றிக்கொண்டு நேரே டாக்காவுக்குப் போக வேண்டும் என்று விடாமல் வாதாடியவர். 16-ஆம் தேதி காலை ராணுவத் தளபதி மானெக்‌ஷாவிடமிருந்து உத்தரவு வந்தது: டாக்காவுக்குப் போய் சரணடைவை முடித்து வா. தான் தயாரித்த வரைவை ஜேக்கப் ஏற்கெனவே டெல்லிக்கு அனுப்பியிருந்தார். அதற்கு ஒப்புதல் வரவில்லை. அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு ஹெலிகாப்டரில் ஏறிவிட்டார்.

நியாஸி எதிர்பார்த்தது போர்நிறுத்தம். தாளில் இருந்ததோ சரணடைவு. அவர் தயங்கினார். ஜேக்கப் பிற்பாடு எழுதிய கணக்குப்படி டாக்காவில் எதிரிப்படை 26,000-க்கு மேல். நகருக்கு வெளியே நம்மவர்கள் 3,000 பேர்தான். அந்த நிலையில் ஜேக்கப், ஒப்புக்கொண்டால் உங்கள் ஆட்களுக்கும் குடும்பங்களுக்கும் நான் பொறுப்பு, மறுத்தால் பொறுப்பில்லை என்று சொல்லி, யோசிக்க அரை மணி நேரம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். உள்ளுக்குள் பதைபதைப்புதான். திரும்பிப் போனபோது தாள் மேஜையிலேயே கிடந்தது. சம்மதமா என்று மூன்று முறை கேட்டார். பதில் இல்லை. அப்படியென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன் என்று தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். அன்று மாலை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில், ஜனங்கள் பார்க்க, கையெழுத்து ஆனது. கைதானவர்கள் சுமார் 93,000 பேர்.

நியாஸி ஒப்படைத்த ரிவால்வரை ஜேக்கப் பிற்பாடு சோதித்துப் பார்த்திருக்கிறார். குழலில் அழுக்கு அடைத்திருந்ததாம், அதன் கைப்பிடியில் கட்டும் கயிறும் நைந்துபோயிருந்ததாம். ஒரு ஜெனரலின் துப்பாக்கி அப்படி இருக்காது, யாரோ சிப்பாயுடையதாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். ஆயுதம் துடைத்துப் பழகிய எவருக்கும் கண் அங்கேதான் போகும்!

துப்பாக்கி தூக்காமல், பேச்சால் பல்லாயிரம் உயிர்களை அன்று அவர் காப்பாற்றினார். என் கணக்கில், அந்தப் போரில் அதற்கு ஈடாக இன்னொன்று இல்லை.

கேள்வி: யூதர் என்பதால் அவருக்குத் தொல்லை ஏதும் இருந்ததா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: இந்தியர்களிடம் அப்படி எதையும் பார்த்ததில்லை, வெள்ளைக்கார அதிகாரிகள் சிலரிடம்தான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார். ஹிட்லர் யூதர்களுக்குச் செய்த கொடுமைகளைக் கேள்விப்பட்டுத்தான், அப்பாவுக்கு விருப்பம் இல்லாதபோதும், பட்டாளத்தில் சேர்ந்தார். 1942-ல் மாவ் பயிற்சிப் பள்ளியிலிருந்து அதிகாரியாக வெளியே வந்தார். 1978-ல் லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வு. அப்புறம் கோவாவுக்கும் பஞ்சாபுக்கும் கவர்னர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2016 ஜனவரியில் டெல்லியில் காலமானார்.

கேள்வி: நம் நாட்டுப் படையில் அவர்தான் முதல் யூத அதிகாரியா?
– அதே வாசகர்

பதில்: இல்லை. பெஞ்சமின் ஆபிரகாம் சாம்சன் அவருக்கு முன்பே கடற்படையில் உயர்ந்த பதவிக்கு வந்துவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக்கே போனால், பம்பாய்ப் படையில் பெனே இஸ்ரேல் எனப்படும் கொங்கண் கரை யூதர்கள் நிறைய பேர் சுதேசி அதிகாரிகளாக இருந்தார்கள். அவர்களில் சாமுவேல் திவேகர் என்பவர் மைசூர்ப் போரில் திப்பு சுல்தானிடம் பிடிபட்டவர். திப்புவின் தாயார் சொல்லித்தான் உயிர் தப்பினார் என்று அந்தச் சமூகத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஊர் திரும்பியவர் 1796-ல் பம்பாயின் முதல் யூத ஆலயத்தைக் கட்டினார்.