பெரிய டயர் போட்டாச்சு, கிரௌன்-பினியன் எது? – கேள்வி பதில்

பெரிய டயர், ஆக்சில் ரேஷியோ பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். எஞ்சின் பக்கமிருந்து ஆக்சிலுக்கு வரும் ஷாஃப்டின் நுனியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம் கிரௌன். சக்கரம் ஒருமுறை சுற்ற அந்த ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதுதான் ஆக்சில் ரேஷியோ. தொழில்முறை மெக்கானிக் இல்லை நான். சொந்த வண்டிகளின் ஆக்சிலைத் திறந்து, கெடுத்து, மறுபடி சரிசெய்து கற்றுக்கொண்டவன்.

கேள்வி: 29 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 போட்டேன். ஆக்சில் ரேஷியோ 3.73. ஐந்தாவது கியரில் சின்ன மேட்டைக் கண்டாலே வண்டி மூச்சு வாங்குகிறது. எந்த ரேஷியோவுக்குப் போகலாம் சார்?

பதில்: முதலில் கணக்கு. பழைய ரேஷியோவைப் புது டயரின் விட்டத்தால் பெருக்கி, பழைய டயரின் விட்டத்தால் வகுங்கள். 3.73 × 33 ÷ 29 = 4.24. கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிலைமைக்குத் திரும்ப இதுதான் வேண்டும். ஆனால் 4.24 என்று கடையில் கிடைக்காது. பொதுவாகக் கிடைப்பவை 3.55, 3.73, 4.10, 4.56, 4.88, 5.13, 5.38. ஆக உங்களுக்கு 4.10 அல்லது 4.56.

எண்ணைப் பார்த்தால் 4.10 தான் பக்கத்தில் இருக்கிறது. நான் 4.56 என்பேன். இந்தக் கணக்கு டயரின் உயரத்தை மட்டும்தான் பார்க்கிறது. டயரின் எடை கூடியதும், அந்த எடை சக்கரத்தின் ஓரத்தில் சுழல்வதும், வண்டியைத் தூக்கியதால் முகத்தில் காற்று கூடுதலாக மோதுவதும் அதில் வரவே இல்லை. வின்ச், பம்பர், கூரை மேல் கேரியர் எல்லாம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம்.

ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்று) = வேகம் (மணிக்கு கி.மீ.) × ஆக்சில் ரேஷியோ × ஓடும் கியரின் ரேஷியோ × 209 ÷ டயர் விட்டம் (அங்குலம்)

உங்கள் ஐந்தாவது கியர் 0.80 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பழைய டயரோடு எஞ்சின் 2150-ல் ஓடியது. 33 போட்டதும் 1890-க்கு இறங்கிவிட்டது, அதனால்தான் திணறுகிறது. 4.10 போட்டால் 2080, 4.56 போட்டால் 2310. இனி உங்கள் எஞ்சின் எங்கே சுகமாக இழுக்கிறது என்று நீங்களே யோசியுங்கள். பெட்ரோல் என்றால் 2310 ஒரு சுமையே இல்லை. கீழேயே நல்ல இழுவை உள்ள டீசல், அதுவும் நெடுஞ்சாலை ஓட்டமே அதிகம் என்றால் 4.10 போதும்.

கேள்வி: 265/70 ஆர்17-லிருந்து 285/70 ஆர்17-க்கு மாறுகிறேன். ரேஷியோ மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். 265 என்பது மி.மீ.-ல் அகலம், அதில் 70 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 185.5 மி.மீ., மேலும் கீழுமாக 371. 17 அங்குல ரிம் 431.8. மொத்தம் 803 மி.மீ., அதாவது 31.6 அங்குலம். அதே மாதிரி 285 டயர் 831 மி.மீ., 32.7 அங்குலம். வித்தியாசம் மூன்றரை சதவீதம்தான். பத்தைத் தாண்டினால்தான் ஆக்சிலைத் திறப்பதைப் பற்றி யோசிக்கவே ஆரம்பிப்பேன். நடுவில் இருப்பவர்கள் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஒரு விஷயம், டயரில் 35 என்று எழுதியிருப்பதால் அது 35 ஆகிவிடாது. பல டயர்கள் அரை அங்குலம் குறைவாகவே இருக்கும், வண்டியின் எடை ஏறியதும் இன்னும் கொஞ்சம் அமுங்கும். டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் அளந்து, 3.14-ஆல் வகுத்துவிடுங்கள். கணக்குக்கு அந்த எண்தான் சரி.

கேள்வி: ஒருவர் "லோ கியர் போடு" என்கிறார், இன்னொருவர் "ரேஷியோவைக் கூட்டு" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். எண் பெரிதாக ஆக கியர் 'லோ'. முதல் கியர்தானே லோ, அதன் எண்தானே பெரிது? அதேதான். குழப்பமே வேண்டாம், கடையில் 4.56 என்று எண்ணையே சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: ஃபோர் வீல் எப்போதாவதுதான் போடுவேன். பின் ஆக்சிலை மட்டும் மாற்றிவிட்டு முன்பக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா அண்ணா?

பதில்: முன்பக்கம் 3.73, பின்பக்கம் 4.56 என்றால் ஃபோர் வீல் லீவரைத் தொடவே கூடாது. போட்டால் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட 22 சதவீதம் வேகமாகச் சுற்றப் பார்க்கும். சேறு, மணல் என்றால் டயர் வழுக்கிச் சமாளிக்கும். பிடிப்புள்ள தரையில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), ஜாயிண்ட் ஷாஃப்ட் (அங்கிருந்து ஆக்சிலுக்குப் போகும் தண்டு), அதன் முனையில் இருக்கும் கிராஸ் எல்லாம் முறுக்கேறி, எது பலவீனமோ அது போகும். "எப்போதாவது" என்கிறீர்களே, அந்த எப்போதாவது வருவது வண்டி மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான். எப்போதும் ஃபோர் வீலில் ஓடும் வண்டியில் இந்த யோசனையே கூடாது, முன், பின் ஆக்சில்களின் வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழன்று சூடாகிவிடும். பணம் இல்லையென்றால் காத்திருந்து இரண்டையும் ஒன்றாகச் செய்யுங்கள். 4.09-ம் 4.10-ம் போலக் கடுகளவு வித்தியாசம் இருந்தால் பிரச்சினை இல்லை, கம்பெனிகளே அப்படிப் பொருத்தியிருக்கின்றன.

கேள்வி: ஆட்டோமேட்டிக் வண்டி. பெரிய டயருக்குப் பிறகு கியர் மேலும் கீழும் தாவிக்கொண்டே இருக்கிறது.

பதில்: டாப் கியரில் இழுக்க முடியவில்லை, கீழே இறங்குகிறது. இறங்கியதும் வேகம் வருகிறது, மறுபடி மேலே ஏறுகிறது. இதில் டார்க் கன்வர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியே இழுவையைக் கடத்தும் பாகம்) பூட்டாமல் வழுக்கி ஆயிலைச் சூடாக்கும், கியர்பாக்ஸின் ஆயுளைத் தின்பது அந்தச் சூடுதான். மேனுவல் ஓட்டுகிறவர் தானே ஒரு கியர் குறைத்து ஓட்டிக்கொள்வார், ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. எட்டு கியர் உள்ள புதுப் பெட்டிகள் ஓரளவு தாங்கும். நாலு கியர் பழைய பெட்டி என்றால் ரேஷியோ மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: நெடுஞ்சாலைப் பக்கமே போக மாட்டேன், பாறைதான். 5.38 போட்டுவிடலாமா?

பதில்: பாறைக்கு முதலில் பார்க்க வேண்டியது ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஷியோ, அதாவது லோ போட்டதும் அது வேகத்தை இன்னும் எத்தனை மடங்கு குறைக்கிறது என்பது. முதல் கியர், லோ, ஆக்சில் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்றுகிறது என்று தெரியும். 2018-ல் வந்த ராங்ளர் ரூபிகான் மேனுவலில் 5.13 × 4.0 × 4.10, கிட்டத்தட்ட 84. ஜிம்னி மேனுவலில் 4.425 × 2.002 × 4.09, சுமார் 36. எஞ்சின் 800-ல் ஓடும்போது 33 அங்குல டயருள்ள ரூபிகான் மணிக்கு ஒன்றரை கி.மீ. வேகத்தில் ஊரும். 27 அங்குல டயரிலேயே ஜிம்னி கிட்டத்தட்ட 3 கி.மீ. போகும், நீங்கள் கிளட்சையோ பிரேக்கையோ மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2-ல் இருக்கும் லோ ரேஷியோவை 4 ஆக்கினால் ஒரே அடியில் இரண்டு மடங்கு. ஆக்சிலை 4.10-லிருந்து 5.38-க்குக் கொண்டுபோனாலும் கிடைப்பது 31 சதவீதம்தான். ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் லோ கியரை மட்டும் மாற்றினால் சாலை ஓட்டத்தில் எதுவும் மாறாது என்பதும் லாபம். ஆக்சில் ரேஷியோவை டயருக்காகத் தேர்ந்தெடுங்கள், ஊர்வதற்கு ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் பாருங்கள்.

கேள்வி: எண் கூடினால் பினியன் பலவீனமாகும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். ஆக்சில் கூட்டுக்குள் கிரௌனுக்கு இருக்கும் இடம் மாறாது, அதனால் ரேஷியோ கூட வேண்டுமென்றால் பினியன்தான் சிறுக்க வேண்டும். 4.10 என்பது பெரும்பாலும் 41 பல்லுக்கு 10 பல். 4.88 என்பது 39-க்கு 8. பினியனின் தலை சிறியதாகும்போது ஒரே நேரத்தில் பிடிக்கும் பற்களின் பரப்பும் குறைகிறது. பெரிய ஆக்சிலில் 4.88-க்குப் பயப்பட வேண்டாம். சின்ன முன் ஆக்சிலில் 5.13, 37 அங்குல டயர், லாக்கர் (ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டு) என்று எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, பாறையில் சக்கரம் மாட்டியிருக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் உடையத்தான் செய்யும்.

அதே சமயம் எண் கூடினால் அதே இழுவைக்கு ஜாயிண்ட் ஷாஃப்டும் கியர்பாக்ஸும் தாங்க வேண்டிய முறுக்கு குறையும். பதிலுக்கு ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும். வண்டியைத் தூக்கியதால் ஷாஃப்டின் கோணமும் கூடியிருந்தால், இதுவரை தெரியாத அதிர்வு இப்போது தெரியும்.

வாங்கும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: உள்ளே இருக்கும் கேரியர் (கிரௌனைத் தாங்கும் பாகம்) புது ரேஷியோவுக்குப் பொருந்துமா? பழைய டானா 44 என்ற ஆக்சிலில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92-லிருந்து மேலே வேறு கேரியர். இது தெரியாமல் கிரௌன்-பினியனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு விழித்தவர்கள் உண்டு. லாக்கர் போடும் எண்ணம் இருந்தால் அதையும் அன்றே போட்டுவிடுங்கள், திறந்து மூடும் கூலி ஒருமுறையோடு போகும்.

கேள்வி: வீட்டிலேயே மாற்ற முடியுமா? புதுசு போட்டதும் எப்படி ஓட்ட வேண்டும்?

பதில்: கழற்றி மாட்டுவது பெரிய விஷயம் இல்லை, செட்டிங்தான் வேலை. பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும், பேரிங் எவ்வளவு இறுக்கம், கிரௌனுக்கும் பினியனுக்கும் நடுவில் பேக்லாஷ் (பற்களுக்கிடையே விடும் இடைவெளி) எவ்வளவு, எல்லாம் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து, டயல் கேஜில் பார்த்து வர வேண்டும். பேக்லாஷ் பொதுவாக 0.15-லிருந்து 0.25 மி.மீ.க்குள், சரியான அளவு உங்கள் ஆக்சிலின் கையேட்டில் இருக்கும். கடைசியில் பல்லில் மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுற்றினால், தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். விளிம்பில் விழுந்தால் மறுபடி கழற்றுங்கள். நான் முதல்முறை ஆறு தடவை கழற்றினேன்.

ஓட்டுவதில் அவசரம் வேண்டாம். முதல் ஓட்டம் 25 கி.மீ. மிதமாக, பிறகு நன்றாக ஆற விடுங்கள். இப்படிச் சில முறை. 800 கி.மீ. வரை லோடும் இல்லை, ட்ரெய்லரும் இல்லை. அதன் பிறகு ஆயிலை மாற்றுங்கள், ஜிஎல்-5 தரம். வடித்த ஆயிலில் மெல்லிய இரும்புத் தூள் மினுங்குவது இயல்பு, துண்டாக வந்தால் கவலைப்படுங்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் ஒருமுறை மாட்டிய மறுநாளே முழு லோடோடு மலையேறினேன். மூன்று மாதத்தில் ஆக்சில் ஊளையிட ஆரம்பித்தது, அந்தச் செட்டைத் தூக்கித்தான் போட்டேன்.

கேள்வி: ரேஷியோ மாற்றினால் ஸ்பீடோமீட்டர் தானாகச் சரியாகிவிடுமா?

பதில்: வேகத்தை எங்கிருந்து எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. கியர்பாக்ஸ் அல்லது ட்ரான்ஸ்ஃபர் கேஸின் வெளிப்பக்கத்திலிருந்து என்றால் ஓரளவு சரியாகும். முதல் கேள்வியில் சொன்ன வண்டியில் 4.56 போட்டால் உண்மையான 100-க்கு 107 காட்டும். சக்கரத்தின் சென்சாரிலிருந்து எடுத்தால் ரேஷியோவால் ஒரு மாற்றமும் இல்லை, 100 காட்டும்போது 114-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். இரண்டிலும் ஈசியுவில் (வண்டியின் கணினி) புது அளவுகளைப் பதிய வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் கியர் மாறும் நேரமும் அதை வைத்துத்தான்.

கேள்வி: மைலேஜ் கூடுமா? பிரேக்?

பதில்: திணறிக்கொண்டிருந்த வண்டி என்றால் கொஞ்சம் திரும்பி வரலாம், பழைய டயரோடு கிடைத்தது கிடைக்காது. பிரேக்குக்கும் ரேஷியோவுக்கும் சம்பந்தமில்லை. பெரிய டயர் போட்டவர்கள் பிரேக்கைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: இப்போது 32 அங்குலம், 4.10. இந்த வருடம் 35, பிறகு எப்படியும் 37 போடுவேன். இப்போதைக்கு 4.56 போடட்டுமா?

பதில்: 35-க்குக் கணக்கு 4.48, 37-க்கு 4.74. 4.56 போட்டால் 37 வரும் அன்று மறுபடி இரண்டு ஆக்சிலையும் திறப்பீர்கள். இப்போதே 4.88 போட்டுவிடுங்கள். 35-ல் எஞ்சின் ஒன்பது சதவீதம் கூடுதலாகச் சுற்றும், பிக்கப் நன்றாக இருக்கும். 37 என்பது வெறும் பேச்சு என்று மனசாட்சிக்குத் தெரிந்தால் மட்டும் 4.56.