செஸ் பயிற்சியாளர் தேடுகிறீர்களா? முதலில் தோற்ற ஆட்டங்களை எடுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. கடந்த இரண்டு வருடமாக இணையத்தில் தினமும் செஸ் ஆடுகிறேன். ரேபிட் என்ற சற்றே வேகமான ஆட்டத்தில் என் பலத்தைக் காட்டும் ரேட்டிங் புள்ளி 1300-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. காணொளிகள் நிறையப் பார்த்தாயிற்று, பலன் இல்லை. முறையாக ஒருவரிடம் கற்றுக்கொள்ளலாம் என்று தேடியதில் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் கிராண்ட்மாஸ்டர், செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டம் பெற்றவர். இன்னொருவருக்குப் பட்டம் எதுவும் இல்லை, ரேட்டிங் 2000 பக்கம். கட்டணம் முதலாமவர் கேட்பதில் மூன்றில் ஒரு பங்குதான். வாரத்தில் நான்கு மணி நேரம் என்னால் ஒதுக்க முடியும். யாரிடம் சேரலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. ஆட்டங்களில் எதனால் தோற்கிறீர்கள் என்று எழுதவில்லை. அது தெரியாமல் யார் பொருத்தமானவர் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

கடைசியாகத் தோற்ற 15, 20 ஆட்டங்களை எடுங்கள். மூன்று நிமிட பிளிட்ஸ் வேண்டாம். அதில் அவசரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆளுக்கு 15 நிமிடமாவது இருந்த ஆட்டங்களாக இருக்கட்டும். சரியான நகர்வைச் சொல்லிவிடும் கணினி நிரலான எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொன்றையும் நகர்த்திப் பாருங்கள். ஆட்டம் கைவிட்டுப் போன இடத்தில் நிறுத்தி, ஏன் போனது என்று ஒரு வரி எழுதுங்கள். காயைச் சும்மா கொடுத்தேன், நேரம் போதவில்லை, என்ன செய்வதென்றே தெரியவில்லை, காய்கள் குறைந்த இறுதிக்கட்டமான எண்ட்கேமில் கோட்டைவிட்டேன் என்று எதுவாக இருந்தாலும் சரி. பயிற்சியாளரிடம் கொண்டுபோக இதைவிட நல்ல பொருள் உங்களிடம் இல்லை.

இப்போது பட்டத்துக்கு வருவோம். கிராண்ட்மாஸ்டர் ஆக 2500, அதற்கு அடுத்த பட்டமான இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆக 2400 ரேட்டிங்கைத் தொட வேண்டும், நார்ம்களும் (போட்டிகளில் அந்தத் தரத்துக்கு ஆடியதற்கான அங்கீகாரம்) வேண்டும். லேசான காரியமில்லை. ஆனால் அது ஒருவர் எப்படி ஆடுவார் என்பதற்கான சான்று; எப்படிச் சொல்லிக்கொடுப்பார் என்பது வேறு கதை. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயே பயிற்சியாளர்களுக்கென்று சீனியர் டிரெய்னர், டிரெய்னர், இன்ஸ்ட்ரக்டர் எனத் தனிப் பட்டங்கள் வைத்திருக்கிறது. சோவியத் நாட்டின் பயிற்சியாளர் மார்க் துவோரெட்ஸ்கி கடைசிவரை இன்டர்நேஷனல் மாஸ்டர்தான். ஆனால் 1977-இல் உலக ஜூனியர் சாம்பியன் ஆன ஆர்தர் யூசுபோவும், அடுத்த ஆண்டே அதை வென்ற செர்கெய் தோல்மாதோவும் அவருடைய மாணவர்கள். தன்னைவிடப் பெரிய ஆட்டக்காரர்களை அவரால் உருவாக்க முடிந்தது.

உங்கள் நிலைக்கு 2000 போதுமா? தாராளமாகப் போதும். ரேட்டிங் கணக்கில் 400 புள்ளி வித்தியாசம் இருந்தாலே பலமானவர் ஆட்டங்களில் கிடைக்கும் புள்ளிகளில் சுமார் 92 சதவீதத்தை எடுப்பார் என்று பொருள். உங்களுக்கும் அவருக்கும் இடையே உள்ள 700 என்றால் கேட்கவே வேண்டாம். ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: அவருடைய 2000 இணைய ரேட்டிங்கா, ஃபிடே ரேட்டிங்கா? இரண்டும் வேறு. ஃபிடே என்றால் அவர்களுடைய தளத்தில் பெயரைத் தட்டினால் வந்துவிடும்.

அப்புறம், இருவரிடமும் ஒரு மாதிரி வகுப்பு கேளுங்கள். கட்டணம் கொடுத்தாவது எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் முன்னதாகத் தோற்ற ஆட்டம் இரண்டை, நீங்கள் எழுதிய குறிப்போடு அனுப்பிவிடுங்கள். வகுப்பில் அவர் அதை எப்படிக் கையாள்கிறார் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

ஒரு உதாரணம். வெள்ளை உங்களுடையது. ராஜா ஜி1-இல், முன்னால் எஃப்2, ஜி2, எச்2 சிப்பாய்கள் அசையாமல் நிற்கின்றன. முதல் வரிசையைக் காத்துக்கொண்டிருந்த யானையை எடுத்துப்போய் ஏ7-இல் ஒரு சிப்பாயை வெட்டுகிறீர்கள். எதிராளியின் யானை இ1-இல் இறங்குகிறது, செக்மேட். இதைப் பார்த்து, “முதல் வரிசையைக் கவனிக்க வேண்டாமா?” என்று சொல்லிவிட்டுப் போகிறவரிடம் புதிதாக ஒன்றும் கிடைக்காது. எஞ்சினும் அதைத்தான் சொல்லும்.

நல்ல பயிற்சியாளர் யானையை நகர்த்துவதற்கு முந்தைய நிலையில் நிறுத்துவார். “இங்கே என்ன யோசித்தீர்கள்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். உங்கள் பதில் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். எதிராளி என்ன செய்வான் என்று யோசிக்கவே இல்லை. அல்லது யோசித்தீர்கள், செக் வந்தால் பி5-இல் இருக்கும் பிஷப்பை எஃப்1-க்கு இழுத்து மறைக்கலாம் என்று கணக்குப் போட்டீர்கள், நடுவே சி4-இல் உங்கள் சிப்பாயே வழியை அடைத்து நிற்பது கண்ணில் படவில்லை. அல்லது கடிகாரத்தில் 20 நொடிதான் மிச்சம்.

தவறு ஒன்றுதான், ஆனால் வைத்தியம் மூன்று. முதல் பதிலைச் சொல்கிறவருக்கு, ஒவ்வொரு நகர்வுக்கும் முன் எதிராளியின் செக்குகளையும் வெட்டுகளையும் தேடும் பழக்கம் வர வேண்டும். இரண்டாமவர் காயைத் தொடாமல் மனதிலேயே புதிர்களைக் கடைசிவரை போட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாமவர் நேரத்தை எங்கே கரைக்கிறார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளான ஓப்பனிங்கில் போயிருக்கும். இந்த வித்தியாசத்தைத் தோண்டி எடுக்கிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

ஆட்டத்தைப் பார்க்காமலே “சிசிலியனில் ஆரம்பிக்கலாம்” என்று, அதாவது ஒரு பிரபல ஓப்பனிங்கின் பெயரைச் சொல்லி, தயாராக வைத்திருக்கும் ஓப்பனிங் கோப்பைத் திறக்கிறவரை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1300-இல் பெரும்பாலான ஆட்டங்கள் எட்டாவது நகர்வில் முடிவாவதில்லை. பின்னால் யாரோ ஒரு காயைக் கொடுத்துத்தான் முடிகின்றன. மூன்று மாதத்தில் 300 புள்ளி ஏற்றிக் காட்டுவதாகச் சொல்கிறவரையும், ஒரு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்கிறவரையும் தவிர்த்துவிடுங்கள். மணி முழுக்க அவரே பேசி, நீங்கள் தலையாட்டிக்கொண்டு மட்டும் இருந்தால், எவ்வளவு சுவையாகப் பேசினாலும் அது இன்னொரு காணொளிதான்.

வகுப்பு முடியும்போது, “அடுத்த வகுப்புவரை நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேளுங்கள். உங்கள் நான்கு மணி நேரத்தை அறிந்து அதற்குள் அடங்கும் வேலையாகக் கொடுக்கிறாரா பாருங்கள். பணத்தையும் நேரத்தையும் வைத்துப் பார்த்தால், இரண்டு வாரத்துக்கு ஒரு வகுப்பு போதும். மீதி நேரம் நிதானமான ஆட்டங்களுக்கும் அவர் கொடுத்த வேலைக்கும் போகட்டும். வாராவாரம் வகுப்பு வைத்துவிட்டு நடுவில் எதுவும் செய்யாமல் போவதால் பயனில்லை.

நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துச் சொல்வதானால், மாதிரி வகுப்பில் மேலே சொன்னபடி நடந்துகொண்டால் 2000 ரேட்டிங்காரரிடமே சேருங்கள். அதே பணத்தில் மூன்று மடங்கு வகுப்புகள் கிடைக்கும். 1300-இலிருந்து மேலேறிய பாதை அவருக்கு இன்னும் மறந்திருக்காது. கிராண்ட்மாஸ்டர் உங்கள் ஆட்டத்துக்குள் இறங்கி அதைவிட நன்றாகக் கேள்வி கேட்டால், அவரை விட்டுவிட வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் ஆட்டங்களை ஒட்டுமொத்தமாகப் பார்க்கச் சொல்லலாம்.

மூன்று மாதம் கழித்து மறுபடி யோசியுங்கள். அப்போது ரேட்டிங்கை மட்டும் பார்க்காதீர்கள். ஒன்றும் மாறாவிட்டாலும் அது 50 புள்ளி ஏறி இறங்கும். மறுபடி தோற்ற ஆட்டங்களை எடுத்து அதே ஒருவரிக் குறிப்புகளை எழுதுங்கள். பழைய காரணங்கள் குறைந்து வேறு காரணங்களால் தோற்றிருந்தால், வகுப்பு வேலை செய்கிறது, தொடருங்கள். கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தும் அதே வரிகள்தான் வருகின்றன என்றால், இரண்டு பட்டியலையும் அவரிடம் காட்டி என்ன மாற்றலாம் என்று கேளுங்கள். அதற்கும் தெளிவான பதில் வரவில்லையென்றால் வேறு ஒருவரைத் தேடலாம்.