கோவாவா, கோவளமா, மாமியார் சொன்ன ராமேஸ்வரமா?

கேள்வி: மே மாதம் மூன்று நாள் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். பெரியவனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. சின்னவளுக்கு மே மாதத்தில்தான் இரண்டாவது பிறந்தநாள். கணவர் கோவா என்கிறார். எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர் ‘கோவளம் பேக்கேஜ், பிரைவேட் பீச், குழந்தைகளுக்கு ஃப்ரீ’ என்கிறார். எங்களோடு வரப்போகிற மாமியார் ராமேஸ்வரம்தான் என்று பிடிவாதமாக இருக்கிறார். குழந்தைகள் பயமில்லாமல் தண்ணீரில் விளையாட வேண்டும், அவ்வளவுதான். எங்கே போகலாம்?
வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. அவர் ராமநாதசுவாமியை நினைத்துச் சொல்லியிருப்பார். நான் அங்கே உள்ள கடலை நினைத்துச் சொல்கிறேன்.

அந்தப் பக்கத்து மக்கள் கடலை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல். பெண்கடல் ஆழம் குறைந்தது. இலங்கையும் ராமேஸ்வரம் தீவும் ராமர் பாலத்து மணல் திட்டுகளும் தெற்கிலிருந்து வரும் பேரலைகளைத் தடுத்துவிடுவதால், மே மாதத்தில் அது பெரும்பாலும் ஏரி மாதிரி கிடக்கும். டிசம்பரில் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். வடகிழக்குப் பருவக் காற்றில் அதே கடல் முரண்டு பிடிக்கும்.

ராமேஸ்வரம் என்றதும் அக்னி தீர்த்தத்தில் குழந்தைகளை இறக்கிவிடாதீர்கள். அலை இல்லைதான், ஆனால் கூட்டமும் காலைச் சுற்றும் பழைய துணிகளும் இரண்டு வயதுக் குழந்தைக்குச் சரிப்படாது. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற சாலையில், உச்சிப்புளி பக்கம் இடதுபுறம் பிரிந்தால் அரியமான் கடற்கரை வரும். சவுக்குத் தோப்பு நிழல், சரிவே தெரியாத மணல். கொஞ்ச தூரம் நடந்து போனாலும் உங்களுக்கு முழங்கால் அளவுதான் தண்ணீர் இருக்கும். படத்தில் பார்க்கிற நீலம் இருக்காது. கடல் புல் ஒதுங்கிக் கிடக்கும், தண்ணீரும் கொஞ்சம் கலங்கலாக இருக்கும். உங்கள் மகனுக்கு அது ஒரு குறையாகவே தெரியாது. ராமேஸ்வரத்தில் அறை எடுத்துக்கொண்டு காலையில் அங்கே போய் வாருங்கள். அத்தை கோயிலுக்குப் போகிற நேரத்தில் நீங்கள் கடலுக்குப் போகலாம்.

தனுஷ்கோடிக்கும் போவீர்கள், தெரியும். போங்கள், பாருங்கள், படம் எடுங்கள். அங்கே கடைசி முனையான அரிச்சல்முனையில் குழந்தையின் பாதம்கூட நனையக் கூடாது. இரண்டு கடலும் முட்டிக்கொள்கிற இடம் அது. நீரோட்டம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது.

சரி, கோவளத்துக்கு வருவோம். அந்த டிராவல்ஸ்காரரிடம் முதலில் ‘எந்தக் கோவளம்?’ என்று கேளுங்கள். சென்னைக்குத் தெற்கே ஒரு கோவளம், திருவனந்தபுரம் பக்கத்தில் ஒரு கோவளம், கன்னியாகுமரியை ஒட்டி இன்னொரு கோவளம். கேரளப் படத்தைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு, ஈசிஆரில் கொண்டுபோய் இறக்கிவிட்ட கதை எனக்குத் தெரியும். சென்னைக் கோவளத்துக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. அதையும் இப்போது பேக்கேஜ் நோட்டீஸில் போட்டு விற்கிறார்கள். நீலக்கொடி என்றால் சுத்தம், கழிப்பறை, உயிர்காப்பாளர், தண்ணீரின் தரம், இவையெல்லாம் உண்டு என்று அர்த்தம். அலை இல்லை என்று அர்த்தமில்லை.

‘பிரைவேட் பீச்’ என்பது சுத்தமான புளுகு. நம் நாட்டில் கடற்கரை எந்த ஓட்டலுக்கும் சொந்தமில்லை. ஓட்டலுக்குப் பின்னால் கடல் இருக்கிறது, வேறு ஆள் வருவதில்லை, அவ்வளவுதான். இதில்தான் எனக்குப் பயமே. ஆள் வராத கடற்கரையில் குழந்தையை அலை புரட்டினால் ஓடிவரவும் ஆள் இருக்காது. ‘சீ வியூ’ அறையும் அப்படித்தான். பால்கனியில் எட்டிப் பார்த்தால் இரண்டு தென்னைக்கு நடுவே ஒரு கீற்று நீலம் தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் அரை கிலோமீட்டர். நடுவில் ஒரு நெடுஞ்சாலை வேறு. கட்டிலில் இருந்து கடலுக்கு எத்தனை நிமிடம், சாலையைக் கடக்க வேண்டுமா என்று ஓட்டலுக்கே போன் செய்து கேளுங்கள். ஏஜென்ட்டைக் கேட்காதீர்கள். புதுச்சேரிக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஓட்டலுக்கு எதிரிலேயே கடல் என்று சொன்னது உண்மைதான். போய்ப் பார்த்தால் நீளத்துக்குப் பாறாங்கல்.

‘குழந்தைகளுக்கு ஃப்ரீ’ இன்னொரு கண்ணி. ரயிலில் ஐந்து வயது முடியாத குழந்தைக்குத்தான் டிக்கெட் வேண்டாம். உங்கள் மகனுக்குத் தனி பெர்த் கேட்டால் பெரியவர் கட்டணம் முழுசாக உண்டு. விமானத்தில் மடிக்குழந்தைக் கட்டணம் இரண்டு வயது வரைக்கும்தான். போகும்போது மடியில் வந்த குழந்தைக்கு நடுவில் பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பும்போது தனி இருக்கை வாங்கியாக வேண்டும். உங்கள் சின்னவள் சரியாக அந்தத் தேதியில் நிற்கிறாள். ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். விமான நிலையத்துக் கவுன்ட்டரில்தான் தெரியவரும்.

கோவாவை நான் குறை சொல்ல மாட்டேன். பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் கடற்கரை கடற்கரையாக நிற்கிற ஊர் நம் நாட்டில் அது. சிவப்பு மஞ்சள் கொடி இருந்தால் குளிக்கலாம், சிவப்பு என்றால் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் புரியும். தெற்கு கோவாவில் பாலோலம் மாதிரி வளைவுக்குள் அடங்கிய கடற்கரைகளும் உண்டு. ஆனால் திண்டுக்கல்லிலிருந்து போக ஒரு நாள், வர ஒரு நாள் ஆனால் மூன்று நாளில் மிச்சம் என்ன? குழந்தைகள் கொஞ்சம் வளர்ந்ததும் ஜனவரியில் போங்கள்.

மே மாதத்துக்குக் கேரளப் பக்கமோ கன்னியாகுமரிப் பக்கமோ வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதை மட்டும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. ஜூனில் மழை தொடங்கும்வரை மேற்குக் கடல் சாதுவாக இருக்கும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். பாதி நாள் இருக்கவும் செய்யும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் கேரள மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்று சொல்கிற ஒன்று வரும். கள்ளன் மாதிரி சத்தமில்லாமல் வருகிற கடல். தென்துருவப் பக்கத்துப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயலின் அலை, பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும். கடல் மட்டும் திடீரென்று ஏறி, நின்றுகொண்டிருக்கிறவரை வாரிக்கொண்டு போகும். 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் போனார்கள். வளர்ந்த பிள்ளைகள். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம் அந்த நாட்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது.

எச்சரிக்கை கொடுப்பதோடு நம் ஊரில் வேலை முடிந்துவிடுகிறது. அந்தத் தாள் அலுவலகம் அலுவலகமாகப் போகும், மணலில் நிற்கிற அப்பனுக்குப் போய்ச் சேராது. அங்கே இருப்பது ‘இங்கு குளிக்கக் கூடாது’ என்று பத்து வருடத்துக்கு முன் எழுதி, துருப்பிடித்த ஒரு பலகை. எல்லா இடத்திலும் குளிக்காதே என்றால் ஜனங்கள் எல்லா இடத்திலும் குளிப்பார்கள். எங்கே குளிக்கலாம் என்று ஒரு கொடி நட்டு, பக்கத்தில் நீந்தத் தெரிந்த ஆள் ஒருவரை நிறுத்த இவர்களுக்கு என்ன கஷ்டம் என்று இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் உயிர்காப்புப் பயிற்சி கொடுத்த பையன்கள் பலர் வேலை இல்லாமல் ஆட்டோ ஓட்டுகிறார்கள்.

போகட்டும். கிளம்பும் முன், அந்த ஹைதராபாத் மையத்தின் இணையதளத்தில் உயர் அலை எச்சரிக்கை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அரியமானில் ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். மே மாதத்தில் காற்று பெரும்பாலும் தெற்கு, மேற்குப் பக்கமிருந்து, அதாவது கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். அதனால்தான் தண்ணீர் அவ்வளவு அமைதி. அதே காற்று, காற்றடைத்த டியூபையும் பந்தையும் குழந்தையோடு சேர்த்து உள்ளே தள்ளிக்கொண்டு போகும். பஸ் ஸ்டாண்ட் கடையில் விற்கிற வாத்து டியூபை வாங்கவே வாங்காதீர்கள். மணல் வாளி போதும். சின்னவள் எப்போதும் கைக்கு எட்டுகிற தூரத்தில், ஒரு பெரியவரின் பொறுப்பில் இருக்கட்டும். எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். மூழ்குகிற குழந்தை கத்தாது.

மணலில் திருக்கை படுத்திருக்கும், அதனால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். சொறி மீன் (ஜெல்லி மீன்) கரையில் செத்துக் கிடந்தாலும் தொடவிடாதீர்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நாலரைக்கு மேல், இதுதான் உங்கள் கடல் நேரம். நடுவில் தூக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் மீன் கொஞ்சம் விலை கூடத்தான் இருக்கும். ஆனால் கிடைப்பது நாட்டுப்படகு மீன், பையனுக்கு ஒரு வாய் ஊட்டிவிடுங்கள்.

டிராவல்ஸ்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், ஓட்டலின் பெயரையும் புக்கிங் எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டு நாளில் வரவில்லை என்றால் புக்கிங்கே நடக்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடலாம். இன்னும் கொடுக்கவில்லை என்றால், அவருடைய சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணச் சொல்கிறாரா, கடைக் கணக்குக்கா என்று மட்டும் பாருங்கள்.