சிறுகோளில் எடுப்பதை யாருக்கு விற்பது?

வணக்கம் அக்கா,

சைக்கி என்ற சிறுகோளில் உள்ள உலோகத்தின் பெறுமதி உலகப் பொருளாதாரத்தையே மிஞ்சும் என்று வாசித்தேன். அதை வெட்டி விற்றால் விண்வெளித் திட்டங்களுக்கு அரசுகளிடம் கையேந்தத் தேவையில்லையே? ஏன் இன்னும் தொடங்கவில்லை? இந்தத் துறைக்குப் போக உயர்தரத்தில் என்ன படிக்கலாம்?

– உயர்தர மாணவி, பொகவந்தலாவை

அன்புத் தங்கச்சி,

அந்தப் பெறுமதியை நம்பித் திட்டம் போட்டால் கவிழ்ந்துபோகும். வெட்டாத உலோகத்தை இன்றைய சந்தை விலையால் பெருக்கிச் சொன்ன கணக்கு அது. உலகச் சுரங்கங்கள் ஆண்டுக்கு எடுக்கும் பிளாட்டினம் 200 தொன்னுக்கும் குறைவு. திடீரென ஆயிரம் தொன் வந்து இறங்கினால் இந்த விலை நிற்குமா? கொண்டுவரும் செலவு இன்னொரு பக்கம். 2016இல் கிளம்பிய நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ், பென்னு சிறுகோளிலிருந்து 2023இல் கொண்டுவந்து சேர்த்தது 121.6 கிராம். செலவு நூறு கோடி டொலருக்கும் மேல். ஆய்வுக்குப் போன கலம்தான், ஆனாலும் நாம் எங்கே நிற்கிறோம் என்று அது காட்டுகிறது. சைக்கிக்கு 2023இல் புறப்பட்ட கலமும் 2029இல் போய்ச் சுற்றிவந்து ஆராயத்தான் போகிறது.

முதலில் எடுக்கவேண்டியது தண்ணீர். பென்னு போன்ற கரிமச் சிறுகோள்களின் களிமண் கனிமங்களில் தண்ணீர் பிணைந்திருக்கிறது. சூடாக்கினால் ஆவியாக வரும். அதை மின்சாரத்தால் பிரித்தால் ஐதரசனும் ஒட்சிசனும், அதாவது ரொக்கெட் எரிபொருள். பூமியிலிருந்து ஒவ்வொரு கிலோவையும் மேலே தூக்கக் காசு கொட்ட வேண்டியிருப்பதால்தான் அங்கே அதற்கு விலை. உங்கள் தோட்டத்து ஃபெக்டரியைப் பாருங்கள். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது, மிச்சமெல்லாம் ஈரம். பச்சைக் கொழுந்தை யாரும் கொழும்புக்கு ஏற்றுவதில்லை, மலையிலேயே வாட்டி, அரைத்து, காயவைத்துத்தான் அனுப்புகிறார்கள். சிறுகோளிலும் ஆலை அங்கேயே வேண்டும், அதற்கும் மேலாக, வாங்குபவரும் அங்கேயே இருக்கவேண்டும்.

அந்த வாங்குபவர் இன்னும் இல்லை. சிறுகோள்களில் சுரங்கம் தோண்டப்போவதாக 2012இல் ஆரவாரமாக அறிவித்த பிளானட்டரி ரிசோர்சஸ் நிறுவனம் 2018இல் கைமாறியது. அதே துறையில் இறங்கிய டீப் ஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸும் அடுத்த ஆண்டே கைமாறியது. ஆகவே தொடக்கத்தில் அரசுகளின் பணம் வேண்டித்தான் இருக்கும். சுற்றுப்பாதையில் இத்தனை தொன் எரிபொருளை இந்த விலைக்கு வாங்குவோம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தால், தனியார் துணிந்து இறங்குவார்கள்.

உன் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் வான்பொருளைச் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் எடுத்த பொருள் எடுத்தவருக்கே என்று அமெரிக்கா 2015இலும் லக்சம்பேர்க் 2017இலும் சட்டம் செய்துவிட்டன. இலங்கையில் தேயிலை 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தொடங்கியது, கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்னும் லயத்தில் இருக்கிறார்கள். எனக்கு இது ஆறாத கோபம். பங்கு விதியை முதல் கலம் போகுமுன்பே எழுதவேண்டும், அந்த மேசையில் நம்மைப் போன்ற நாடுகளும் இருக்கவேண்டும்.

படிப்புக்கு வருவோம். கணிதப் பிரிவை எடு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புவிவளப் பொறியியல் இருக்கிறது, பேராதனையில் புவிச்சரிதவியல் இருக்கிறது. இரசாயனவியலை மட்டும் அலட்சியமாக விடாதே, கல்லிலிருந்து தண்ணீரைப் பிரிப்பது முழுக்க அந்தப் பாடத்தின் வேலை.