கூரை யாருடையது? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சோவியத் காலத் தொகுப்பு வீடுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அவற்றைப் புதுப்பிக்கும் முடிவை அங்கே குடியிருப்பவர்களே எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் எஸ்தோனியாவின் தாலின் நகரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். முஸ்தமாயே பகுதியில், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். அண்மையில் எங்கள் உரிமையாளர் சங்கக் கூட்டம் நடந்தது. சுவர்களுக்கு வெப்பக்காப்பு போடுவது, குழாய்களை மாற்றுவது, அதற்கு இருபது ஆண்டுக் கடன் வாங்குவது என்ற தீர்மானம் குறுகிய பெரும்பான்மையில் நிறைவேறியது. நானும் ஆதரித்தே வாக்களித்தேன்.

தரைத்தளத்தில் தனியாக வசிக்கும் ரஷ்ய மொழி பேசும் பாட்டி ஒருவர் எதிர்த்தார். "இந்தக் கடன் தீரும்போது நான் உயிரோடு இருக்க மாட்டேன். ஓய்வூதியத்தில் எதைக் குறைத்து இதைக் கட்டுவது?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அலுவலக நண்பர்களோ இவற்றையெல்லாம் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் அறிவுடைமை என்கிறார்கள். நான் வாக்களித்தது சரிதானா? மக்களே முடிவெடுக்கட்டும் என்று சொல்வது அரசு நழுவிக்கொள்வதற்கு நாம் திறந்துவிடும் வழியா?

அன்புடன்,
கா.

*

அன்புள்ள கா.,

நீங்கள் வாக்களித்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உங்கள் கட்டடம் புதுப்பிக்கப்பட்டால் அந்த வேலை பாதியில் நின்றதாகவே கொள்வேன். அவர் அந்த வீட்டுக்கு எப்படி உரிமையாளரானார் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முஸ்தமாயே 1962 முதல் எழுந்த பகுதி. கட்டடங்களில் வீண் அலங்காரங்களை ஒழிக்கச் சொல்லி 1955-இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் காலத்து அரசு பிறப்பித்த ஆணையிலிருந்து பிறந்தவை இந்த வீடுகள். தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை லாரியில் கொண்டுவந்து கிரேனால் அடுக்கினார்கள். லிஃப்ட் இல்லாமல் எவ்வளவு உயரம் கட்ட விதி அனுமதித்ததோ அவ்வளவு மாடி. சமையலறையையும் கழிப்பறையையும் அந்நியக் குடும்பங்களோடு பகிர்ந்து வாழ்ந்தவர்களுக்கு முதல்முறையாகத் தாழிட்டுக்கொள்ளத் தங்களுக்கென்று ஒரு கதவு கிடைத்தது. இன்று இவற்றைச் சாம்பல் நிறப் பெட்டிகள் என்று ஏளனம் செய்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

சோவியத் ஒன்றியம் கலைந்தபின் எஸ்தோனியாவில், உழைத்த ஆண்டுகளைக் கணக்கிட்டு மக்களுக்குப் பத்திரங்கள் தரப்பட்டன. அவற்றைக் கொடுத்து, குடியிருந்த அரசு வீட்டையே வாங்கிக்கொள்ளலாம். லிதுவேனியாவிலும் ருமேனியாவிலும் வேறு வழிகளில் இதேதான் நடந்தது. ருமேனியாவில் இன்று நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் சொந்த வீட்டில் வசிக்கிறார்கள். கேட்பதற்கு இனிமையான செய்தி. ஆனால் வீட்டோடு சேர்ந்து வேறொன்றும் கைமாறியது. ஒழுகும் கூரை, துருப்பிடித்த குழாய்கள், பலகைகளின் இணைப்புகளில் கசியும் நீர் என்று பல பத்தாண்டுகளாகச் சேர்ந்துபோன பழுதுச் செலவு முழுவதையும் குடியிருப்பவர்களின் தலையில் இறக்கிவைத்துவிட்டு அரசுகள் விலகின. நீங்கள் கை தூக்கிய நாளில்தான் அந்தப் பாட்டி கடனாளியானார் என்று எண்ணி வருந்தாதீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆகிவிட்டார். கணக்குச்சீட்டு இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது.

அப்படி விலகிய அரசு திரும்பி வராவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் பார்க்கலாம். தொண்ணூறுகளின் போரிலும் வறுமையிலும் இருந்த மக்கள், அடுக்குமாடிகளின் வெளிப்புறத்தில் தாங்களாகவே இரும்புச் சட்டங்களைப் பொருத்தி, பால்கனி இருந்த இடத்தில் முழு அறைகளையே கட்டிக்கொண்டார்கள். லிஃப்டைப் பராமரிக்க ஆளில்லாததால் உள்ளே காசுபோடும் பெட்டியை வைத்தார்கள். காசு போட்டால்தான் அது நகரும். அந்த மக்களின் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் நிலநடுக்கம் வரக்கூடிய ஊரில் கட்டடத்தின்மேல் அளவில்லாமல் பாரமேற்றும்படி அவர்களை விட்டது கைவிடல் அல்லாமல் வேறென்ன? பிற்பாடு குடியிருப்போர் கூட்டமைப்புகளுக்குச் சட்டம் வந்தது. கூரைக்கும் லிஃப்டுக்கும் நகராட்சி பங்கு கொடுக்கத் தொடங்கிய பிறகே பொதுவான பழுதுகள் கவனிக்கப்பட்டன.

உங்கள் நண்பர்கள் சொல்லும் இடிப்பு மாஸ்கோவில் நடக்கிறது. 2017-இல் நகர நிர்வாகம் சுமார் ஐயாயிரம் கட்டடங்களை இடிக்கும் திட்டத்தை அறிவித்தது. பத்து லட்சம் பேர் வீடு மாற வேண்டியிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் ஆதரித்தால் அந்தக் கட்டடம் முழுவதும் போகும். அந்த ஆண்டு மே மாதம் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். புது வீடு கிடைப்பதில் மகிழ்ந்தவர்களும் நிறையவே உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஆனால் மாஸ்கோவில் நிலத்தின் விலை அதிகம். ஐந்து மாடி நின்ற இடத்தில் இருபது மாடி எழுப்ப முடிவதால்தான் அந்தக் கணக்கு நேராகிறது. மரங்கள் வளர்ந்து நிழல் விழுந்த முற்றங்கள் அதற்கு விலையாகின்றன.

முஸ்தமாயேக்கு அந்தக் கதி தேவையில்லை. தாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் இந்தப் பலகைக் கட்டடங்களை ஆராய்ந்து, கட்டடத்தைத் தாங்கி நிற்கும் அமைப்பு பொதுவாக நல்ல நிலையில் இருப்பதாகவே கண்டார்கள். குளிரைத் தடுக்க முடியாத சுவரும் பழைய குழாயும்தான் சிக்கல். உறுதியாக நிற்கும் கான்கிரீட்டைப் பொடியாக்கிவிட்டு மறுபடி சிமெண்ட் எரிப்பதில் என்ன அறிவுடைமை இருக்கிறது? இடிப்பதே நியாயமாகும் இடமும் உங்கள் நாட்டிலேயே உண்டு. எண்ணெய்ப்பாறைச் சுரங்கங்களை நம்பி வளர்ந்த கோத்லா-யார்வே போன்ற ஊர்களில் பாதிக்கு மேல் காலியான கட்டடங்கள் இருக்கின்றன. அங்கே எஞ்சியிருப்பவர்கள் காலி வீடுகளின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். அவர்களை நல்ல கட்டடத்துக்கு மாற்றிவிட்டு இடிப்பதே அறம்.

இனி, அரசு நழுவுகிறதா என்ற கேள்வி. முடிவு குடியிருப்பவர்களிடம் இருக்க வேண்டும், ஆபத்தின் பெரும்பங்கு அரசிடம் இருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. எஸ்தோனியா இதற்கு ஓரளவு நெருங்கி வந்த நாடு. 2001-இல் உருவான கிரெடெக்ஸ் என்ற அரசு நிறுவனம், 2010 முதல் புதுப்பிப்புச் செலவில் ஒரு பங்கை மானியமாகத் தந்தது. வேலை எவ்வளவு முழுமையோ அவ்வளவு மானியம்: 15, 25, 35 விழுக்காடு என்ற படிகளில். கடனை வாங்குவது சங்கம். தனித்தனி வீடுகளை அடமானம் கேட்பதில்லை, மாதந்தோறும் எல்லோரும் கட்டும் பணமே வங்கிக்கு நம்பிக்கை. 2018 முதல் ஒவ்வோர் அடுக்குமாடிக்கும் சங்கம் சட்டப்படியே உண்டு. பாக்கி வைப்பவரின் வீடு விற்கப்பட்டால், அந்தப் பணத்தில் ஓராண்டு நிலுவை அளவுக்குச் சங்கத்துக்கு முன்னுரிமையும் உண்டு. பிந்தைய சுற்றுகளில், வீட்டு விலை வீழ்ந்த ஊர்களுக்கு மானியத்தைச் செலவில் பாதிவரை உயர்த்தி, பெரிய நகரங்களான தாலினுக்கும் தார்த்துவுக்கும் குறைத்தார்கள். வங்கி தயங்கும் ஊருக்கு அரசு அதிகம் கொடுப்பது சரியான திசை.

அரசே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் என்ன என்றும் கேட்கலாம். பல்கேரியா 2015-இல் அதைத்தான் செய்தது. உரிமையாளர்கள் சங்கம் பதிவு செய்தால் போதும், முழுச் செலவும் அரசுடையது. ஏராளமான கட்டடங்கள் சீரடைந்தன, மறுக்கவில்லை. ஆனால் தன் பணம் ஒரு காசும் இல்லாத வேலையில் ஒப்பந்தக்காரரை நிறுத்திக் கேள்வி கேட்கும் பழக்கம் வளர்வதில்லை. வரிசையில் முந்தியவருக்கு எல்லாம், பிந்தியவருக்கு வெறும் காத்திருப்பு என்ற அநீதியும் சேர்கிறது.

உங்கள் பாட்டிக்கு நெருக்கமான விடை எனக்குத் தெரிந்தவரை லிதுவேனியாவில் இருக்கிறது. அங்கே சில ஆண்டுகள் திட்டம் அசையவேயில்லை. கடன் என்றதும் மக்கள் பின்வாங்கினார்கள். 2013-இல் நகராட்சி நியமிக்கும் நிர்வாகியே கடனை வாங்கி வேலையை நடத்தும் முறை வந்ததும் வேகம் பிடித்தது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் வெப்பக் கட்டணத்துக்கு உதவித்தொகை பெறும் ஏழைக் குடும்பங்களின் தவணையை அரசே கட்டுகிறது. இதன் மறுபக்கம் எனக்கு உவப்பில்லை: புதுப்பிப்பை எதிர்த்தால் அந்த உதவித்தொகையும் குறைகிறது. ஏழையின் வாக்குக்கு மட்டும் இப்படி விலை வைப்பது தவறு. ஆனால் தவணையைப் பொதுப்பணம் ஏற்கும் கொள்கை முற்றிலும் சரி. ஏனென்றால் புதுப்பித்ததும் வீட்டின் விலை ஏறுமே என்று சொல்வது விற்கப்போகிறவருக்குத்தான் ஆறுதல். சாகும்வரை அங்கேயே இருக்கப்போகிற ஒருவருக்கு அந்த உயர்வால் ஒரு ரொட்டிகூடக் கிடைக்காது.

அவரிடம் நீங்கள் நேரில் பேச வேண்டும். கடன் சங்கத்துடையது, அவர் காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யார் இருக்கிறாரோ அவரே மிச்சத் தவணையைக் கட்டுவார் என்பதைச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. இந்தக் கட்டடங்கள் பலவற்றில் வெப்பக் கட்டணத்தை வீட்டின் பரப்பளவை வைத்தே பிரிக்கிறார்கள். நடுமாடிக்காரர் சூடு தாங்காமல் ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைப்பார். வெப்பமில்லாத நிலவறைக்கு மேலே, குளிர்ந்த தரையில் கம்பளிக் காலுறையோடு நடக்கும் பாட்டியும் சதுர மீட்டருக்கு அதே தொகையைத்தான் கட்டுவார். நிலவறைக் கூரைக்குக் காப்பு போட்டு, ஒவ்வோர் அறைக்கும் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்தால் முதலில் நன்மை அடைபவர் அவர்தான். கட்டணம் கட்டாயம் குறையும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். தவணையையும் சேர்த்தால் பல கட்டடங்களில் மாதச் செலவு சற்றுக் கூடவே செய்கிறது. அந்தக் கூடுதலை என்ன செய்வது என்பது அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக இருக்கட்டும். நகராட்சியின் சமூக உதவிப் பிரிவில் அவருக்காக விண்ணப்பிக்கச் சங்கமே ஒருவரை அனுப்பலாம்.

கூட்டத்தின் தாள்கள் எஸ்தோனிய மொழியில் மட்டும் இருந்தனவா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் ரஷ்ய மொழியிலும் கொடுக்கச் சொல்லுங்கள். புரியாத தாளுக்கு எதிராகக் கை தூக்குவது எவருக்கும் இயல்பு.

ஒப்பந்தம் போடுமுன் வரைபடத்தில் காற்றோட்ட அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகள் ஜன்னல் இடுக்குகள் வழியாகத்தான் மூச்சு விட்டன. தொடக்ககாலப் புதுப்பிப்புகளில் அவற்றை அடைத்துவிட்டு வேறு வழி செய்யாததால் சுவர்களில் பூஞ்சணம் பிடித்தது. அதனால்தான் வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்டெடுக்கும் அமைப்பு இருந்தால் மட்டுமே உயர்ந்த மானியம் என்று விதித்தார்கள். செலவைக் குறைக்கலாம் என்று யாராவது முதலில் கை வைப்பது இதில்தான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

அன்புடன்.