‘இறத்தல்’ என்றால் முதலில் கடத்தல்: சொற்பொருள் கேள்வி பதில்

கேள்வி: இறைவனடி சேர்வதால்தான் ‘இறப்பு’ என்கிறார்களா ஐயா? வேர் ‘இறை’தானே?

பதில்: இல்லை, வேர் ‘இற’. கடத்தல், எல்லை தாண்டுதல் என்பதே அதன் முதற்பொருள். அகப்பாடல்களில் ‘சுரம் இறந்தோர்’ என வந்தால் பாலைவழியைக் கடந்து போன தலைவர் என்று பொருள். ஆள் உயிரோடுதான் இருக்கிறார்! ‘செத்தவர்’ என்று கொண்டால், தலைவி அவர் வரவுக்குக் காத்திருக்கும் பாட்டே கெட்டுவிடும். ‘இறந்த காலம்’ என்பதும் கடந்த காலமே. இரு பொருளையும் அருகருகே பார்க்க 310ஆம் குறள் போதும்: ‘இறந்தார் இறந்தார் அனையர்’. முதல் ‘இறந்தார்’ சினத்தில் அளவு கடந்தவர், அடுத்தவர் செத்தவர்.

கேள்வி: ‘இறுதி’யும் இதே வேரா?

பதில்: வேறு. கயிறு இற்றுப்போயிற்று என்கிறோமே, அந்த ‘இறு’.

கேள்வி: ‘சாக்காடு’ என்பதில் உள்ள காடு சுடுகாடா?

பதில்: அல்ல. வேக்காடு, நோக்காடு போல, வினையைப் பெயராக்கும் விகுதி அது. எழுத்தே காட்டிக்கொடுக்கும். சுடுகாடு, இடுகாடு வினைத்தொகை; வல்லினம் மிகாது. ‘சாக்காடு’ என்பதில் ‘க்’ மிகுந்திருக்கிறது பாருங்கள்.

கேள்வி: ‘இழவு’ வசைச்சொல்தானே?

பதில்: பிறகு அப்படி ஆகிவிட்டது, பாவம். இழ + வு, அதாவது இழப்பு. 372ஆம் குறளின் ‘இழவூழ்’ பொருளை இழக்கச் செய்யும் ஊழ். அங்கே சாவே இல்லை. ‘எழவு’ இதன் பேச்சு வடிவம்.

கேள்வி: நினைவு மலரில் ‘இறங்கற்பா’ என்று அச்சாகிவிட்டது. சரியா?

பதில்: தவறு. ‘இரங்கற்பா’ என்று திருத்துங்கள். இரங்குதல் மனம் வருந்துதல். இறங்குதல் கீழே வருதல். இரங்கல் + பா சேரும்போது ‘ல்’ ‘ற்’ ஆகிறது. அந்த வல்லின றகரமும் ‘இறப்பு’ என்ற நினைவும் சேர்ந்து முதலெழுத்தையும் மாற்றிவிடுகின்றன. ‘இரங்கல் கூட்டம்’ என்பதிலும் இதே பிழை நேர்கிறது.

கேள்வி: ‘துஞ்சிய’ என்றால் உறங்கியதா, மாண்டதா?

பதில்: நேர்ப்பொருள் உறக்கம், சாவைக் குறிக்கும்போது மங்கல வழக்கு, அதாவது அமங்கலத்தை நல்ல சொல்லால் சொல்வது. புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்பில் பாண்டிய மன்னர் பெயர்களைப் பாருங்கள்: இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். பெயர் ஒன்றாக இருப்பதால், மாண்ட இடமே அடையாளமாகிறது.