பழைய பிக்அப்பை உயர்த்தத் தண்டல் வாங்கலாமா?

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். 2012-ஆம் ஆண்டு பிக்அப் வண்டி ஒன்று சொந்தமாக இருக்கிறது. காசிமேட்டிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றி மணலி, மாதவரம், செங்குன்றம் பக்கத்துச் சந்தைகளுக்குக் கொண்டுபோகிறேன். டீசல் செலவு போக நாளொன்றுக்கு 1,800 ரூபாய் நிற்கும். சில நாள் ஏற்றம் ஒன்றரை டன்னைத் தாண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டது. ஐந்தாறு முறை சாவியைத் திருப்பிப் பார்த்தும் கிளம்பவில்லை. எஞ்சின் வேலைக்கு 52,000 ரூபாய் போனது. சென்ற மழைக்காலத்தில் ஒன்பது நாள் வண்டி எடுக்கவில்லை. இப்போதெல்லாம் பள்ளத்தில் இறங்கினாலே பின்பக்கம் இடிக்கிறது. வண்டியை மூன்று அங்குலம் உயர்த்த லிஃப்ட் கிட் 42,000 ரூபாய், அதற்கேற்ற பெரிய டயர்கள் 36,000 ரூபாய் என்கிறார்கள். இன்னொருவர் கட்டை வைத்து, பட்டையின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டு 11,000 ரூபாயில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். வண்டியின் ஸ்பிரிங் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) அடிக்கும் பெரியவர் ஒருவர் மட்டும், "உயர்த்தவே வேண்டாம், பட்டையைச் சரிசெய்தால் போதும்" என்று 9,500 ரூபாய் கேட்கிறார். கையில் 22,000 ரூபாய் இருக்கிறது. மீதிக்குத் தண்டலில் 60,000 வாங்கலாம் என்று இருக்கிறேன். 51,000 கையில் தருவார்கள், தினம் 600 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மனைவியின் நகையை அடகு வைக்கலாம். குறைந்த செலவில் எது நல்லது, ஐயா?

பதில்: அந்தப் பெரியவரிடம் போங்கள். மூன்று பேரில் உங்கள் வண்டியைப் பார்த்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். மற்ற இருவரும் தங்களிடம் இருக்கும் பொருளைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் நீங்களே ஒரு வேலை செய்து பாருங்கள். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் நடுமையத்திலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து, சாக்பீஸால் அந்தந்த இடத்திலேயே எழுதுங்கள். வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரு பக்கத்துப் பட்டை உட்கார்ந்துவிட்டது என்று பொருள். பிறகு குனிந்து பின்பக்கப் பட்டையைப் பாருங்கள். சுமை இல்லாதபோதும் அது வில்போல வளைந்திருக்காமல் நேராகக் கிடந்தால் அதன் உயிர் போய்விட்டது. அச்சுக்கு மேலே சேஸிஸில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அது நசுங்கியோ பளபளவென்று தேய்ந்தோ இருந்தால், நீங்கள் கேட்கும் இடிச்சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

ஒன்றரை டன் ஏற்றிய பழைய வண்டி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதிலும் மீன் வண்டிக்கு இன்னொரு கேடு உண்டு. ஐஸ் உருகி, உப்பும் மீன்நீரும் கலந்து பலகை இடுக்கு வழியே வடிந்து நேராகப் பட்டைமேல் விழுகிறது. பட்டைகளுக்கு நடுவே துரு ஏறிப் பருத்து, ஒன்றோடொன்று வழுக்க வேண்டிய இரும்புகள் இறுகிப்போகின்றன. பட்டையை அச்சோடு கட்டும் யு போல்ட்டும் பட்டையைத் தாங்கும் கொக்கியும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். என் சித்தப்பா ராயபுரத்தில் மீன் வண்டி ஓட்டியவர். எவ்வளவு களைப்பாக வந்தாலும் இரவில் ஒரு குடம் நல்ல தண்ணீரை அடியில் ஊற்றாமல் படுக்க மாட்டார். அந்த வண்டியின் பட்டைகள் அவருக்குப் பல ஆண்டுகள் உழைத்தன. அரித்த கொக்கியின்மேல் 42,000 ரூபாய் கிட்டை மாட்டுவது, கறையான் தின்ற தூணின்மேல் மாடி கட்டுவதுதான்.

இனி உயரத்துக்கு வருகிறேன். லிஃப்ட் கிட் பாடியைத்தான் தூக்கும், அச்சைத் தூக்காது. அச்சின் நடுவில் குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியல்தான் பின்பக்கத்தில் தாழ்வான இடம். கிட் போட்ட பிறகும் அது தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும். பெரிய டயர் போட்டால்தான் அது உயரும், அதனால்தான் கிட்டோடு 36,000 ரூபாயும் சேர்ந்துகொள்கிறது. பெரிய டயரைச் சுழற்றப் பழைய எஞ்சினும் கிளட்சும் கூடுதலாக உழைக்க வேண்டும். டீசலும் கூடும், ஸ்பீடோமீட்டரும் வேகத்தைக் குறைத்துக் காட்டும். இந்தக் கிட்கள் எல்லாம் மலைப்பாதையில் ஓட்டும் ஜீப்களுக்குப் பொருந்தும். ஐஸ் பெட்டியை உயர அடுக்கி, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே விடியற்காலையில் போகிற வண்டிக்கு, பாரம் மூன்று அங்குலம் மேலே ஏறுவது ஆபத்து.

11,000 ரூபாய் வழியைப் பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம். பின் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பது பலர் செய்வதுதான். ஆனால் முன் அச்சில் கட்டை வைக்க யாரையும் விடாதீர்கள். பிரேக் அழுத்தும்போது பாரம் முழுவதும் முன்னால் சாயும், கட்டை புரண்டால் ஸ்டீயரிங் கையில் நிற்காது. ஷாக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஒரு அங்குலம்தான் உயரும். அதற்குள் அச்சின் கோணம் மாறி, எஞ்சின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் இணைப்பு சீக்கிரம் தேயும். பல பிக்அப்களில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைத்த பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துச் சுமையைக் கணக்கிட்டுப் பின்சக்கர பிரேக்குக்கு அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. வண்டியை உயர்த்தி, அந்த வால்வைத் திரும்பச் சரிசெய்யாமல் விட்டால், ஏற்றிய வண்டியையும் காலி வண்டி என்றே அது நினைக்கும். பிரேக் குறையும்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். எட்டு ஆண்டுகளைத் தாண்டிய சரக்கு வண்டி என்பதால் நீங்கள் வருடந்தோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனைக்குக் காட்டுகிறீர்கள். அங்கே திருப்பி அனுப்பினால், போட்ட கிட்டைக் கழற்றவும் நீங்கள்தான் கூலி கொடுக்க வேண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனமும் இந்த மாற்றத்தைக் காட்டிப் பேசும். உட்கார்ந்த பட்டையைப் பழைய உயரத்துக்கே கொண்டுவருவது பழுதுபார்ப்பு. அதற்கு யாரும் கேள்வி கேட்க முடியாது.

இப்போது கடன். 51,000 ரூபாயோடு உங்கள் 22,000-ஐக் கூட்டுங்கள்: 73,000. கிட்டும் டயரும் 78,000. கடன் வாங்கியும் 5,000 ரூபாய் குறைகிறது! அந்த 51,000-க்கு நூறு நாளில் 60,000 திருப்பித் தருகிறீர்கள். தினமும் அசலும் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், இது ஆண்டுக்கு 120 சதவீத வட்டி. வங்கியில் நகைக்கடன் வட்டி இதில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். ஐப்பசி அடைமழையில் வண்டி நிற்கும் நாளிலும் மாலை ஆனால் தண்டல்காரருக்கு 600 எடுத்து வைக்க வேண்டும். அன்று உங்கள் வீட்டில் என்ன சமைப்பது?

அந்த ஒன்பது நாளையும் பிரித்துப் பாருங்கள். ஒன்பது நாள் வருமானம் 16,200 ரூபாய். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் படகுகள் கடலுக்குப் போகாது. மீன் வராத நாளில் வண்டி எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை. தெருவில் தண்ணீர் நின்றதால் மட்டுமே ஓட்டாத நாள்கள் இரண்டா, மூன்றா? மூன்று என்றே வைத்துக்கொண்டால் 5,400 ரூபாய். அதைக் காப்பாற்ற 78,000 போடுவது எந்தக் கணக்கிலும் சேராது. விற்கும்போதும் கிட்டுக்கென்று எவரும் கூடுதல் விலை தரமாட்டார்கள்.

மிக்ஜாமில் போன 52,000-க்கும் உயரம் காரணமில்லை என்றே நினைக்கிறேன். தண்ணீரில் நின்ற எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால், சாவியைத் திருப்பும்போது பிஸ்டன் அந்த நீரை அழுத்தப் பார்க்கும். நீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஐந்தாறு முறை திருப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். பதற்றத்தில் யாரும் செய்வதுதான், வருந்தாதீர்கள். இனி நின்றால் சாவியைத் தொடாமல் தள்ளிக் கொண்டுவாருங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே, 9,500 ரூபாயைப் பெரியவரிடம் கொடுங்கள். பட்டைகளை முழுவதும் பிரித்து, துரு சுரண்டி, விரிசல் விட்டதை மாற்றி, புதிய புஷ்ஷும் யு போல்ட்டும் போடுவது அந்தத் தொகைக்குள் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். வளைவு ஏற்றிய பட்டையைச் சூடேற்றிப் பதப்படுத்தித் தருவாரா என்றும் கேளுங்கள். வெறுமனே அடித்து வளைத்தது சில மாதங்களில் மறுபடி உட்கார்ந்துவிடும். பின்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். டிஃபரன்ஷியலின் காற்றுத் துளையிலிருந்து சிறிய ரப்பர் குழாய் ஒன்றை மேலே பாடி உயரத்துக்கு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். மழைநீர் கியர் எண்ணெயில் கலப்பதை அது தடுக்கும், செலவும் சொற்பம். டயர் தேய்ந்திருந்தால் அடுத்த முறை அதே அளவில் புதியது போடுங்கள். புதிய டயரின் தடிப்பே அச்சை ஏழெட்டு மில்லிமீட்டர் உயர்த்தும். ஆர்.சி.யில் எழுதிய எடைக்கு மேல் ஏற்றுவதை நிறுத்தாவிட்டால், இதையே அடுத்த ஆண்டும் எனக்கு எழுதுவீர்கள்.

கையில் மிஞ்சும் பணத்தில் 8,000 ரூபாயை மழை நாள் செலவுக்கென்று வங்கியில் ஒதுக்குங்கள். பிறகு வண்டி ஓடும் நாளெல்லாம் 150 ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். மாதம் 25 நாள் என்றால் 3,750 சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் உங்களுக்கு ஏற்றம் குறையும். எஃப்.சி.க்கு முன் செய்ய வேண்டிய வெல்டிங், பெயின்ட் வேலைகளை அந்த நாள்களில் இந்தப் பணத்தில் முடித்துக்கொள்ளலாம். நகையைத் தொட வேண்டியதில்லை. பட்டை வேலை முடிந்ததும் அதே சாக்பீஸ் குறிகளில் மறுபடி டேப் வைத்து அளந்து, இரண்டு அளவுகளையும் எனக்கு எழுதுங்கள்.